கல்லுக்கு மேலே

கல்லைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு அடி நடந்த பிறகுதான் தங்கபுஷ்பத்துக்கு உறைத்தது, இந்த இடத்தில் தன் கால் இதற்குமுன் பட்டதே இல்லை என்று. கல் வரைக்கும் எல்லாம் அறிந்த தரை. அடிவாரத்து உடைமரங்கள், ஓடைமணல், இடது கைப்பக்கம் சரிந்து கிடக்கும் சப்பட்டைப் பாறை, அதற்கப்புறம் உரல் மாதிரி குழி விழுந்த இந்தக் கல். அதற்கு மேலே அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாமல், ஐம்பத்தொரு வயதில், மகனுடைய பழைய ஷூவை மாட்டிக்கொண்டு, செம்போத்துப் பொத்தை என்கிற அந்தப் பாறைக்குன்றின் மேல் இரண்டு பேருக்கு வழிகாட்டியாக முன்னால் நடந்துகொண்டிருக்கிறாள். பின்னால் மீராள், அவளுக்கும் பின்னால் ஜெசிந்தா. மூன்று பேரும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் அங்கன்வாடி டீச்சர்கள், ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். இருபத்தோரு வருஷமாக அவர்கள் இருவரும் நம்பிக்கொண்டிருப்பது, தங்கபுஷ்பம் பதினாலு வயதில் அண்ணன்மாரோடு இந்தப் பொத்தையின் உச்சிக்கு ஏறிச் சுனையில் கால் நனைத்தவள் என்று. அவள் ஏறியதில்லை. கல்லோடு சரி. ஒவ்வொரு வருஷமும் கல்லோடு சரி.

சொல்லிவிடலாம், இப்போதே திரும்பி நின்று சொல்லிவிடலாம் என்று நினைத்தாள், நினைத்தபடியே இன்னும் நாலு எட்டு வைத்தாள். கீழே ஆடுகள் குழியில் வாய்வைத்து உறிஞ்சுகிற சத்தம் இன்னும் கேட்டது. அந்தச் சத்தம்தான் தாங்க முடியவில்லை. மேலே போகிறவர்கள் கையிலிருக்கும் தண்ணீரை அந்தக் குழியில் ஊற்றிவிட்டுப் போகவேண்டும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். ஆடு குடிக்கும், குருவி குடிக்கும். மேலே சுனை இருக்கிறபோது கீழ்த்தண்ணீரைச் சுமந்துகொண்டு போவது சுனைக்கு மரியாதை இல்லை. இதை அவர்களுக்குச் சொன்னவளும் அவள்தான். இன்றைக்குச் சொல்லவில்லை, எத்தனையோ முறை, சத்துமாவு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மாதாந்திரக் கூட்டத்தில், பஸ்ஸில். கல்லைப் பார்த்ததும் மீராள் சின்னப்பிள்ளை மாதிரி ஓடிப்போய் இரண்டு பாட்டிலையும் திறந்தாள். "இதானளா அந்தக் கல்லு? நீ சொன்ன மாதிரியே இருக்கே!" ஒரு பாட்டில் கவிழ்ந்தது, இரண்டாவது பாட்டில் கவிழ்ந்தது. தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். "கொஞ்சம் வச்சிக்கிடு பிள்ள, வெயிலு ஏறுதுல்லா" என்று மட்டும் வந்தது. அதற்கு ஜெசிந்தா, "ஏட்டி, சுனைக்கு மரியாத இல்லன்னு சொன்னவ யாரு? நீதான? இப்பம் என்ன வச்சிக்கிடு?" என்று சொல்லித் தன் பாட்டிலையும் கவிழ்த்தாள். அதன்பிறகு தங்கபுஷ்பமும் கவிழ்த்தாள். பின்னே, வேறு என்ன செய்வது, மற்றவர்கள் ஊற்றும்போது தான் மட்டும் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் முகத்தைப் பார்த்தே ஜெசிந்தா கண்டுபிடித்துவிடுவாள். அதற்காகத்தான் ஊற்றினாள். அதற்காக மட்டும்தான். மீராள் போன ஐப்பசியில் சிறுநீரகத்தில் கல் என்று ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தது தெரியும், ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குறையாமல் குடிக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்று கேட்டவளே இவள்தான், எல்லாம் தெரிந்துதான் ஊற்றவிட்டாள்.

மணி ஒன்பதரை இருக்கும். பங்குனி வெயில் பாறையில் விழுந்து, பாறையிலிருந்து முழங்காலுக்கு ஏறியது. மஞ்சம்புல் காய்ந்து போய்ச் சேலைக் கரையில் ஒட்டிக்கொண்டு வந்தது. பங்குனி. அந்த மாதத்தின் பெயரை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். நினைக்காமல் இருக்கப் பார்க்கிறபோதெல்லாம் அது நாக்கில் வந்து நின்றது. வியாழக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் தூங்கியபிறகு, பம்பாயில் இருக்கும் சின்ன அண்ணனுக்குப் போன் போட்டாள். துரைப்பழம் அண்ணன் முதலில் பயந்துவிட்டான், ஊரில் யாருக்கும் ஏதும் ஆகிவிட்டதோ என்று. "ஒண்ணுமில்லண்ணே, சும்மாதான்" என்று வேறு எதையெதையோ பேசி, கடைசியில், ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்தது மாதிரி, பொத்தைக்கு வழி எப்படி, கல்லுக்கு மேலே எந்தப் பக்கம் போகணும் என்று கேட்டாள். அவன் சிரித்தான். "அது ஆச்சு முப்பத்தஞ்சு வருசம், யாருக்கு ஞாபகம் இருக்கு? ரெண்டா பிரியும். ஒண்ணுல போவோம்." எதில் என்று அவனுக்குத் தெரியவில்லை. "சுனை?" என்று கேட்டாள். "அது தையில போவோம் பிள்ள. மழ பேஞ்சி முடிஞ்ச நேரம். பங்குனில என்ன கெடக்கும், பாறதான் கெடக்கும்." இதைக் கேட்டது வியாழக்கிழமை. இன்று ஞாயிற்றுக்கிழமை. நடுவில் இரண்டு முழு நாள். வெள்ளிக்கிழமை காலையில் மீராள் போனில், "பூரிக்கு மாவு பிசையவா, புளிச்சோறு கட்டவா?" என்று கேட்டபோது, புளிச்சோறு என்று சொன்னாள். அதைத்தான் சொன்னாள். புளிச்சோறு தாகம் எடுக்கும் என்றுகூட அப்போது நினைப்பு வரவில்லை. இல்லை, வந்தது. வந்ததும் அதைத் தள்ளிவிட்டு, அண்ணனுக்கு என்ன தெரியும், அவன் எந்தக் காலத்தில் பங்குனியில் ஏறினான், கொஞ்சமாவது ஊறிக்கிடக்காதா என்று தானே ஒரு சமாதானம் செய்துகொண்டாள்.

வழி பிரிந்தது. அண்ணன் சொன்னது சரிதான், இரண்டாகத்தான் பிரிந்தது. ஒன்று நேரே மேலே, மற்றொன்று வலது பக்கம் வளைந்து புதருக்குள். தங்கபுஷ்பம் நிற்கவில்லை. நின்றால் கேட்பார்கள். நேர்வழியில் ஆட்டுப்புழுக்கை கிடந்தது, அதைப் பார்த்து அதிலேயே நடந்தாள். ஆடு தண்ணீர் இருக்கிற இடத்துக்குத்தானே போகும் என்று நினைத்தாள். உடனே, ஆட்டுக்குத் தண்ணீர் கீழே கல்லில்தான் இருந்தது, ஊற்றியதே நாங்கள்தான் என்று ஞாபகம் வந்தது. "ஏட்டி, இந்த எலந்த மரம் அப்பமும் இருந்துதா?" என்று ஜெசிந்தா பின்னாலிருந்து கேட்டாள். "இருந்துது. சின்னதா இருந்துது" என்று வாய் தானாகச் சொன்னது. எவ்வளவு சுலபமாக வருகிறது. ஒரு இலந்தை மரத்தை முப்பத்தேழு வருஷம் பின்னால் கொண்டுபோய் நட்டு, அதைச் சின்னதாக்கிக் காட்டவும் முடிகிறது. "பழம் பெறக்குனியா?" "ம்." "இனிச்சுதா?" "புளிப்பு." ஜெசிந்தா சிரித்தாள். "இவ அண்ணந்தம்பியோட மலைல எலந்தப்பழம் பெறக்கி இருக்கா, நான் அந்த வயசுல எங்க சித்தி பிள்ளைக்கு மூக்கு சிந்திவிட்டுட்டு இருந்தேன். எல்லாத்துக்கும் ஒரு கொடுப்பின வேணும்." மீராளுடைய மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சின் நீளத்தைத் தங்கபுஷ்பம் அடிக்கு அடி கவனித்துக்கொண்டே நடந்தாள்.

கால் சுளுக்கிவிட்டது என்று உட்கார்ந்துவிட்டால் என்ன? ஐயோ அம்மா என்று ஒரு சத்தம், கணுக்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு உட்காரல். அவர்களே, வேண்டாம்ட்டி இறங்கிருவோம் என்று சொல்லிவிடுவார்கள். இறங்கும்போது நொண்டவேண்டும், அவ்வளவுதான். ஆனால் எந்தக் காலில் நொண்டினோம் என்பதை மறக்கக் கூடாது. நாளைக்கும் நொண்டவேண்டும். மீராள் எண்ணெய் கொண்டுவந்து தேய்த்துவிடுவாள், சும்மா இருக்கிற காலை மடியில் வைத்துக்கொண்டு தேய்ப்பாள். அதை நினைத்ததும் தங்கபுஷ்பத்துக்குக் காதுமடல் சுட்டது. இருபத்தோரு வருஷமாக அவள் பிள்ளைகளிடம் சொல்லி வருகிற ஒரு வாக்கியம் உண்டு: "உண்மையைச் சொல்லிட்டா டீச்சர் ஒண்ணும் செய்யமாட்டேன்." முட்டை கொடுக்கிற ஒரு நாள், நாலு வயது இசக்கி, "தின்னுட்டேன் டீச்சர்" என்றது. கவுனுக்குள் வயிற்றோடு சேர்த்து எதையோ பிடித்திருந்தது. உண்மையைச் சொல்லிட்டா ஒண்ணும் செய்யமாட்டேன் என்று இவள் நயமாகச் சொன்னாள். எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க அது கையை எடுத்தது, முட்டை நசுங்கி மஞ்சள் கரு கவுனில் ஒட்டியிருந்தது, வீட்டில் தம்பிக்காம். ஒன்றும் செய்யவில்லைதான், அடிக்கவில்லை, திட்டவில்லை. கவுனைத் துடைத்துவிட்டாள். ஆனால் அந்தப் பிள்ளை அன்றைக்கு முழுவதும் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தது. ஒண்ணும் செய்யமாட்டேன் என்று சொல்கிறவர்களுக்கு என்ன தெரியும்? சொல்லிய பிறகு முகத்தை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

முதல் முதலாகச் சொன்னது பயிற்சியில். திருநெல்வேலியில் ஒரு மாதப் பயிற்சி, பெரிய ஹாலில் வரிசையாகப் பாய். சாப்பிட்டுவிட்டு எல்லாரும் படுத்துக்கொண்டு, அவரவர் பார்த்த ஊரைப் பற்றிப் பேச்சு. ஒருத்தி ஊட்டி பார்த்திருந்தாள். ஒருத்தி கல்யாணம் ஆகி டில்லிவரை போய் வந்திருந்தாள். முறை சுற்றிக்கொண்டே இவள் பாய்க்கு வந்தது. சொல்ல ஒரு ஊரும் இல்லை. "எங்க ஊருப்பக்கம் ஒரு பொத்தை இருக்கு. உச்சில சுனை இருக்கு. நான் ஏறியிருக்கேன்" என்றாள். துரைப்பழம் அண்ணன் ஒவ்வொரு வருஷமும் இறங்கி வந்து மூச்சு வாங்கச் சொன்னது எல்லாம் அப்படியே இருந்தது: பாறைக்குள் யானைக்கால் அகலத்துக்கு ஒரு பிளவு, உள்ளே கறுப்புத் தண்ணீர், விரலை விட்டால் கூசும், கண் தெரியாத குட்டி மீன் வந்து முட்டும். 'நான்' என்ற ஒரு சொல்லை மட்டும்தான் இவள் அதில் புதிதாகச் சேர்த்தாள். தண்ணீர் இனிக்கும் என்பது மட்டும் இவளுடைய சொந்த அனுபவம். ஒரு வருஷம் அண்ணன் பாட்டிலில் பிடித்து வந்து குடிக்கக் கொடுத்தான், இனித்தது, உண்மையிலேயே இனித்தது. அது நன்னாரி சர்பத் பாட்டில் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புத்தியில் பட்டது. பக்கத்துப் பாயில் அன்று மீராள். மற்றவர்கள் அடுத்தவளிடம் போய்விட்டார்கள், மீராள் மட்டும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "பொம்பளப் பிள்ளைய எப்படிப்பா மேல விட்டாக?" அந்தக் கேள்வியில் ஆச்சரியம் இல்லை, பொறாமையும் இல்லை, பசி மாதிரி ஏதோ இருந்தது. தங்கபுஷ்பம் சொன்னாள், அதுதான் எல்லாவற்றிலும் பெரிது, அதைத்தான் யாரும் அழித்துத் தரமுடியாது: "எங்க அப்பா அப்படிலாம் பாக்க மாட்டாக. நீயும் ஏறுன்னுதான் சொல்லுவாக."

அப்பா செத்தபோது மீராள் இரண்டு பஸ் மாறி வந்தாள். பந்தலில் தங்கபுஷ்பத்தைக் கட்டிக்கொண்டு, "பொட்டப்பிள்ளைய மலையேத்திப் பாத்த மனுசன்லா" என்று சொல்லி அழுதாள். சுற்றியிருந்த பெண்கள் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு இவளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அப்புறம் அம்மா ஏழு வருஷம் உயிரோடு இருந்தாள், ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இப்போது மீராள் வேலையை விட்டுவிட்டாள். வருகிற வியாழக்கிழமை மகன் வந்து கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறான், இனி அங்கேதான். போவதற்கு முன்னால் எங்கே போகணும் என்று கேட்டதற்கு, நாகூர், ஏர்வாடி எதையும் சொல்லவில்லை. "ஒன் சுனைய ஒரு தடவ பாத்துட்டுப் போயிருதேன்ளா" என்றாள். ஒன் சுனை.

"எம்புட்டுத் தூரம்ட்டி இன்னும்?" ஜெசிந்தாதான். "இந்தா, அந்த மொடக்கு தாண்டுனா." எந்த முடக்கு? மேலே பாறைதான் தெரிந்தது, அதற்கு மேலே வேறொரு பாறை. வழி என்று எதுவும் இல்லாமல் போய் வெகுநேரம் ஆகிறது. புழுக்கையும் இல்லை. கற்றாழைக்கும் பாறைக்கும் நடுவில் கால் போகிற இடமெல்லாம் போய்க்கொண்டிருக்கிறார்கள். மீராள் ஒரு கையால் இடுப்புக்குப் பின்பக்கம் பிடித்திருந்தாள். தங்கபுஷ்பம் அதைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி முன்னால் திரும்பிக்கொண்டாள், திரும்பிக்கொண்டதற்காகத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் திரும்பியபடியேதான் நடந்தாள். உச்சி வந்துவிட்டால், சுனை வற்றியிருந்தால், அட இந்த வருஷம் வற்றிப்போச்சே என்று சொல்லிவிடலாம். வருஷத்தின் மேல் போட்டுவிடலாம். மழையின் மேல் போட்டுவிடலாம். எல்லாவற்றுக்கும் ஒரு இடம் இருக்கிறது போடுவதற்கு. ஆனால் தண்ணீர்? மீராள் என்ன குடிப்பாள்? இறங்க ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். யோசித்து யோசித்து அந்த இடத்துக்கு வந்ததும் யோசனை கல்லில் தட்டின கால்விரல் மாதிரி நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து நடக்க ஆரம்பிக்கும்.

ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தார்கள். நிழல் இரண்டு பேருக்குத்தான் காணும். ஜெசிந்தா சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தாள். பையைத் துழாவி ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். "பிரஷர் மாத்திர போடுததுக்குன்னு வச்சிருந்தேன். சுனைகிட்ட போட்டுக் குடுத்திராதீக." பாதி இருந்தது. ஒரு டம்ளர்கூட வராது. மாத்திரையை விழுங்க ஒரு வாய் குடித்துவிட்டு மீராளிடம் நீட்டினாள். மீராள் வாங்கி, "முன்னால நடக்கவ குடிக்கட்டும், அவதான் முள்ளெல்லாம் வெலக்கிட்டுப் போறா" என்று தங்கபுஷ்பத்தின் கையில் கொடுத்தாள். மீராளின் உதடு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. தங்கபுஷ்பம் வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். பாட்டில் கைக்கு வந்ததும் தொண்டை தானாக மேலும் கீழும் போனது. ஒரு மடக்கு குடித்தாள். சின்ன மடக்கு இல்லை, நல்ல மடக்கு. குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கொடுக்கும்போது பாட்டிலைப் பார்க்கவில்லை.

"எரியுதுப்பா மூஞ்சி" என்றாள் மீராள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். பாட்டிலை இடது கைக்கு மாற்றி, வலது உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு சாய்த்தாள். "மேலதான் கெடக்கே சுனை. இதுல மூஞ்சியக் கழுவிக்கிடுதேன்."

தங்கபுஷ்பம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தது என்றால் பிடித்ததுதான், வளையல் உடைந்து இருவர் கையிலும் கீறியது. "ஊத்தாத." "விடுளா, என்ன?" "ஊத்தாத. குடிச்சிரு. மேல தண்ணி கெடையாது." ஜெசிந்தா முக்காட்டை விலக்கிப் பார்த்தாள். "கெடையாதுன்னா?" "பங்குனில கெடக்காது. வியாழக்கெழமையே அண்ணன் சொல்லிட்டான். எனக்குத் தெரியும். வழியும் தெரியாது. நான் வந்ததில்ல." "எங்க வந்ததில்ல?" "இங்க. மேல. கல்லுக்கு மேல வந்ததே இல்ல. ஒரு தடவகூட வந்ததில்ல." சொல்லி முடித்ததும் ஏதாவது இறங்கும், லேசாகும் என்று எங்கோ ஒரு எண்ணம் இருந்திருக்கிறது, ஒன்றும் இறங்கவில்லை. மீராளின் மணிக்கட்டை இன்னும் பிடித்திருப்பது தெரிந்து கையை எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஜெசிந்தா எழுந்தாள். அவள் கத்துவாள் என்று தங்கபுஷ்பம் எதிர்பார்த்தாள், கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். ஜெசிந்தா கத்தவில்லை. "சவமே" என்றாள், மெதுவாக. "அவ ஒடம்ப வச்சிக்கிட்டு ரெண்டு பாட்டிலையும் கவுத்தும்போது பாத்துக்கிட்டுத்தான நின்ன." பிறகு மீராளிடம் குனிந்து, "இதக் குடி. ஒரு சொட்டு விடாம குடி. இந்த நெழல விட்டு எந்திரிக்காத. நான் அடிவாரத்துல பம்புசெட்டுல பிடிச்சிட்டு வாரேன்" என்றாள். "நான் போறேன் ஜெசி" என்று தங்கபுஷ்பம் எழப்போனாள். "நீ உக்காரு. ஒன்னய அனுப்புனா எந்தப் பாறைல போயி பைப்பு இருக்குன்னு சொல்லுவியோ." காலி பாட்டில்களைச் சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு, பாறையைப் பிடித்துப் பிடித்து, பக்கவாட்டில் கால் வைத்து இறங்கிப் போனாள். கொஞ்ச நேரம் பாட்டில்கள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

மீராள் தண்ணீரைக் குடித்தாள். மூடியைத் திருகி மூடினாள். கண்ணாடியைச் சேலையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். இதற்கெல்லாம் வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். தங்கபுஷ்பம் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் செருப்பைப் பார்த்தாள், செருப்பு வாரில் ஒட்டியிருந்த நெருஞ்சி முள்ளைப் பார்த்தாள். "ஒங்கப்பா?" என்றாள் மீராள். இதைத்தான் கேட்பாள் என்று தெரியும், பாறை நிழலில் உட்கார்ந்தபோதே தெரியும், இருபத்தோரு வருஷமாகத் தெரியும். "ஒங்கப்பா ஏறுன்னு சொன்னாகளே." தங்கபுஷ்பம் தலையை ஆட்டினாள். "என்ன சொன்னாக அப்பம்?" அந்த வாக்கியத்தை அவள் வாயால் இதுவரை சொன்னதில்லை. "பொட்டப்பிள்ளைக்கு மேல என்ன சோலி. சோத்துக்குக் காவலிரு." மீராள் கேட்டுக்கொண்டாள். "எங்க வாப்பா மாதிரிதான் அப்பம்" என்றாள். "ஒங்கப்பா மாதிரி ஒரு ஆளு எங்கயோ ஒரு ஊர்ல இருக்காகன்னு நெனச்சித்தான் எம் மகளக் காலேஜ் டூருக்கு அனுப்புனேன். எங்க வீட்டுக்காரரு வேணாம்னாரு. நான்தான் ஒங்கப்பாவச் சொல்லிச் சண்ட போட்டேன்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாறையில் சாய்ந்தாள், கண்ணை மூடினாள், நெற்றியில் வலிக்கிற சுருக்கம் ஒன்று வந்து நின்று போனது. தங்கபுஷ்பம் தன் முந்தானையை எடுத்து அவளுக்கு விசிறலாமா என்று நினைத்தாள். விசிறலாமா, அதற்கு இப்போது தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் முந்தானையைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சும்மா இருந்தா வலி கூடுது" என்று கண்ணைத் திறக்காமலே மீராள் சொன்னாள். "ஏதாவது சொல்லு. நடந்ததச் சொல்லு. அவுக எல்லாம் மேல போனபொறவு, கல்லுகிட்ட நீ என்ன செஞ்ச?"

தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். சுனையைப் பற்றி என்றால் ஒரு மணி நேரம் சொல்வாள், தடங்கல் இல்லாமல் வரும். இதற்கு அவளிடம் சொற்கள் இல்லை. இதை யாரும் கேட்டதில்லை, தனக்குத் தானேகூட ஒருமுறையும் சொல்லிப் பார்த்ததில்லை. முகமெல்லாம் கொதித்தது. பொய்யைச் சொன்னபோதும் இப்படி இல்லை, அதை ஒத்துக்கொண்டபோதும் இப்படி இல்லை.

"எறும்பு வரும்" என்றாள். நிறுத்தினாள். "தூக்குச்சட்டியச் சுத்தி எறும்பு வரும். அது ஏறிராம ஒவ்வொண்ணா எடுத்து எடுத்து விட்டுக்கிட்டு இருப்பேன்."

"ம்" என்றாள் மீராள்.